கோதுமை போலீஸும் புரோட்டா மாஸ்டரும்

வண்டிப்பெரியார் பக்கம் புலிக்குப் பயப்படாதவர்கள் உண்டு. கோதுமை போலீஸுக்குப் பயப்படாத டீக்கடைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது.

நான் குமாஸ்தாவாக இருந்த தேயிலைத் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். பல வருடம் வயிற்றுக் கோளாறும் ரத்தசோகையுமாக, கதவைச் சாத்தினால் அந்தக் காற்றுக்கே சாய்ந்துவிடுகிற உடம்போடு திரிந்தவர். கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவர் குடலுக்கு ஆகாது, ஆயுளுக்கும் ஒரு துணுக்குகூடக் கூடாது என்று கடைசியில் கோட்டயத்து டாக்டர் ஒருவர் கண்டுபிடித்தார். கோதுமையை விட்டார். ஆறே மாதத்தில், இரண்டு பேர் தூக்கும் இரும்புச் சக்கரத்தைத் தனியாளாகப் புரட்டினார். அதோடு போலீஸ் வேலையையும் ஆரம்பித்தார்.

எங்கே சாம்பார் ஊற்றினாலும், “பெருங்காய டப்பாவ எடுங்க” என்பார். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பார்களாம். ஒரு கல்யாணத்தில் போட்டோவுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் காத்து நிற்க, இவர் சமையல்கட்டில் உட்கார்ந்து மசாலாப் பொட்டலங்களை பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே எதிரி, எங்கள் கேன்டீன் புரோட்டா மாஸ்டர் அந்தோணி. “அண்ணாச்சி, நீங்க இந்தப் பக்கம் வந்தாலே என் கல்லு ஆறிப்போவுது” என்பான்.

அந்த அந்தோணி மெலிய ஆரம்பித்தான். கேட்டால் வயிற்றில் கேஸ் என்றான். பெல்ட் தொளதொளத்துப் போனதால், கூடுதலாக ஓட்டை போட்டுத் தரச் சொல்லி ஃபிட்டரிடம்தான் வந்தான். மூன்றாவது தடவை வந்தபோது போலீஸ் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

“போட மாட்டேன். நாளைக்கு ஆசுபத்திரிக்கு வா.”

பயந்துபோன அந்தோணி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் புரோட்டா தின்பதை மட்டும் நிறுத்திவிட்டான். விஷயம் தெரிந்து போலீஸ் கேன்டீனுக்கு ஓடி வந்தார்.

“ஏலே, புரோட்டாவ நிறுத்தாத. நிறுத்திட்டா ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் தெரியாது. டாக்டர் பாக்குற வரைக்கும் தின்னு.”

கோதுமை போலீஸ் பக்கத்தில் நின்று ஒருவனைப் புரோட்டா தின்ன வைத்ததை நாங்கள் எங்கள் கண்ணால் பார்த்தோம்.

பரிசோதனையில் அந்தோணிக்கும் அதே நோய். அவன் அழுதான்.

“புரோட்டா மாஸ்டருக்குப் புரோட்டா ஆகாதுன்னா, வெளிய தலகாட்ட முடியுமா அண்ணாச்சி?”

“புரோட்டாவுக்குத்தானே மாஸ்டரு? இனிமே அரிசி மாவுல தட்டுற பத்திரிக்கு மாஸ்டரா இரு.”

மாவு பறக்கும் இடத்தில் போலீஸ் அவனை நிற்கவிடவில்லை. மேனேஜரிடம் மல்லுக்கு நின்று பக்கத்து அறையை வாங்கினார். அவரே தனி அடுப்பும் புதுக் கல்லும் பூட்டிக் கொடுத்தார். புரோட்டாவுக்கு வேறு ஆள் வந்தார். அந்தோணி அரிசிப் பத்திரியும் கேழ்வரகு அடையும் மரவள்ளிக் கப்பையும் போட்டான். முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், இரண்டாம் வாரம் வரிசையில் நின்றார்கள்.

அந்த வருடத்து வடம் இழுக்கும் போட்டியில், தோட்டத்து அணியிடம் எப்போதும் தோற்கும் எங்கள் அணிக்குக் கடைசி ஆளாக அந்தோணி நின்றான். அவனுக்கு முன்னால் போலீஸ். “பத்திரியும் கப்பையும் தின்னுட்டு இழுக்கவா போறாக” என்று எதிர் அணியில் சிரித்தார்கள். அடுத்த நிமிடம் அந்த அணி மொத்தமும் சேற்றில் கிடந்தது.

மேனேஜர் பரிசை எடுத்துவந்து போலீஸ் கையில் கொடுத்தார். மூன்று கிலோ கேக். அதைத் திருட்டுச் சாமான்போல உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் திருதிருவென்று விழிக்க, அந்தோணி தரையில் உட்கார்ந்து சிரித்தான். கேக் தோற்றவர்களுக்கே போனது. அந்தோணியைத் தோளில் தூக்கிக்கொண்டு கேன்டீன் வரை போனார் போலீஸ்.

நான் ஓய்வுபெற்றுக் கம்பத்தில் தனியாக இருக்கிறேன். ஞாயிறுதோறும் அவர் போன் செய்து, வாரம் முழுக்க என்னென்ன சாப்பிட்டேன் என்று விசாரிக்கிறார். கோதுமை என்னை ஒன்றும் செய்யாது. ஆனாலும் ஒரு வேளைகூட விடாமல் ஒப்பிக்கிறேன்.