எல்லா ஜோன்களும் ஓரிடத்தில்

பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு. ஒழுங்காக இருப்பதெல்லாம் சரியாகவும் இருக்கும் என்று நம்பிவிடுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில், அந்த நோய் எனக்கு முற்றியிருந்தபோதுதான், ரொறன்ரோ நகர மையத்தில் ஒரு மாடிப் புத்தகக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கடைக்காரி மிஸஸ் டோரன். பழைய ஆங்கிலேய, ஐரிஷ் மட்பாண்டங்களைப் பற்றிய புத்தகங்களைத் தவிர வேறெதையும் அவர் விற்பதில்லை. (“சட்டி பானைக்குக் கடை இருக்கும். சட்டி பானைப் புத்தகத்துக்குமோ?” என்றார் அம்மா.) கண்காட்சிக் கையேடுகள், ஏல விற்பனைப் பட்டியல்கள், டப்ளினில் சுட்ட நீலப்பூத் தட்டுகளுக்கென்றே ஒரு தடித்த புத்தகம். ஆண்டுக்கொரு முறை தன் விற்பனைப் பட்டியலை அச்சடித்து, கடல் கடந்த சேகரிப்பாளர்களுக்கு அனுப்புவார். அதைக் கொம்பியூட்டரில் ஏற்றத்தான் என்னை எடுத்தார். பட்டியல் நன்றாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கொம்பியூட்டர் டிப்ளோமாவைச் சுருட்டி வைத்துவிட்டு, பழையபடி பெட்டி ஒட்டும் தொழிற்சாலை.

விவரங்கள் எல்லாம் சப்பாத்துப் பெட்டிகளுக்குள் அட்டைகளாக இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்கள். “பென்வரி, ஜோன்” என்று ஓர் அட்டை. நான் யோசித்தேன். (யோசிக்காமல் இருந்திருக்கலாம்.) நான் கனகரத்தினம் வாசுகி. கனகரத்தினம் அப்பா, வாசுகி நான். கனடாவில் எந்தப் படிவத்திலும் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவைத்தான் நிரப்பியிருக்கிறேன். ஆகவே பென்வரி, ஜோனின் அப்பா. மினக்கெட்டுப் புத்தகம் எழுதியவர் ஜோன், அடுக்குவது தகப்பனின் பெயரிலா? எங்கள் ஊர் நூலகத்தில் எழுத்தாளர் தன் பெயரில்தான் நிற்பார். தகப்பன் ஓரெழுத்தாகச் சுருங்கிப் பக்கத்தில் நிற்பார்.

மிஸஸ் டோரன் பதிவுகளை எல்லாம் பெட்டியில் இருந்த ஒழுங்கிலேயே பார்த்துத் திருத்தித் தந்தார். அகரவரிசைப்படுத்துவது கடைசி வேலை. “அதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். இரண்டாவது பெயரை வைத்து அடுக்கச் சொல்லி ஒரு விசையைத் தட்டினேன். ஆலன்கள், ஆர்தர்கள், ஜோர்ஜ்கள் எல்லோரும் பட்டாளம் போல வரிசையில் வந்து நின்றார்கள். ஜோன்கள் மட்டும் பல பக்கங்கள். ஆங்கிலேயருக்குப் பெயர்த் தட்டுப்பாடு போலிருக்கிறது என்று இரக்கப்பட்டபடி அச்சகத்துக்கு அனுப்பிவைத்தேன். அங்கிருந்து அது நேரே தபாலுக்குப் போனது.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான் வாங்கிக்கொண்டு டோர்செட் பார்க் வீட்டுக்கு வந்தேன். அப்பா தொலைபேசிக்குப் பக்கத்தில் இடிந்துபோய் இருந்தார்.

“பிள்ளை, ஆரோ ஒரு வெள்ளைக்கார மனிசி என்னைக் கிழிகிழியெண்டு கிழிச்சுப்போட்டு வைச்சிட்டா.”

“ஏனாம் அப்பா?”

“நான் ஜோன்மார் எல்லாரையும் ஒரே இடத்திலை கொண்டுபோய்ப் போட்டனானாம்.”

அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தார். “உண்மையைச் சொல்லுங்கோ. ஆர் உந்த ஜோன்மார்?”

“எனக்கு ஒரு ஜோனையும் தெரியாதப்பா! கனகரத்தினமோ எண்டு கேட்டா, ஓம் எண்டன். பிறகு என்னைக் கதைக்க விட்டால்தானே!”

அப்பாவுக்கு மெல்லிய குரல். தொலைபேசியில் அவரை அம்மா என்று நினைத்துப் பேசியவர்கள் உண்டு. மிஸஸ் டோரனோ குரல் பார்க்கும் நிலையில் இருக்கவில்லை.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“சொறி மேடம் எண்டன். இனி ஜோன்மாரின்ரை பக்கமே போகமாட்டன் எண்டும் சொன்னன்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாமான் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் கடையில் மிஸஸ் டோரன் பட்டியலை என் முன்னால் விரித்து வைத்தார். பக்கத்தில் சேகரிப்பாளர்களின் கடிதங்கள். குடும்பப் பெயரில் தேடிய ஆசிரியர் எங்கே என்று எல்லாரும் கேட்டிருந்தார்கள். ஒரு வெற்று அட்டையில் என் பெயரை எழுதி, எது அப்பா, எது நான் என்று விளக்கினேன்.

“அப்படியானால் நேற்று நான் ஏசியது?”

“அப்பாவை.”

“இத்தனை நாளும் கனகரத்தினம் என்று நான் கூப்பிட்டது?”

“அதுவும் அப்பாவைத்தான்.”

அவர் சிரிக்கவில்லை. விரித்து வைத்த பட்டியலை மூடினார். வேலை போய்விட்டது என்று நினைத்து என் பேனாக்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

“உட்கார், வசூக்கி” என்றார். உச்சரிப்புப் பிழைதான். ஆனாலும் அந்தக் கடையில் முதன்முதலாக என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அந்த வாரம் முழுவதும் இருந்து, எல்லா ஜோன்களையும் அவரவர் தகப்பன்மாரிடம் ஒப்படைத்து ஒரு பெயர்ச்சுட்டி தயாரித்து அனுப்பினேன். அதற்கிடையில், தேடிய புத்தகம் கிடைக்காமல் பட்டியலை முழுதாக வாசித்த சிலர், ஏசிவிட்டு வேறு புத்தகங்களை வாங்கினார்கள். வேலை தப்பியது. கடை மூடப்படும்வரை அங்கேதான் இருந்தேன். வரிசைப்படுத்தும் விசையை மட்டும் மிஸஸ் டோரன் பக்கத்தில் வந்து நின்றால்தான் தட்ட விட்டார்.

போன மாதம் என் மகளின் பள்ளியிலிருந்து ஏதோ முறைப்பாடு. தொலைபேசியை எடுத்தவர் அப்பா. என்ன, ஏது என்று கேட்கவில்லை. “சொறி மேடம்” என்று தொடங்கிவிட்டார்.

“தாத்தா, அது என்ர கோல்!” என்று மகள் கத்தினாள்.

அப்பா தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். “நீ சும்மா இரு பிள்ளை. தேப்பன்மாரின்ரை பேரை முன்னுக்குப் போடுறதே உதுக்குத்தான்.”