மாலைக்கு நடுவே நான்

ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கள்ளக்குறிச்சி, என் வீடு.

காலை 9.40: முகச்சவரம், திருநீறு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

10.05: கூடத்து மேற்குச் சுவரிலிருந்து மனைவியின் படத்தை இறக்கிக் கட்டிலில் வைத்தேன். படத்தைச் சுற்றியிருந்த சந்தன மாலை சுவரிலேயே இருந்தது.

10.30: மகளின் காணொளி அழைப்பு.

10.32: மகள் அழுதாள்.

10.36: பக்கத்து வீட்டு அஞ்சலை உள்ளே ஓடிவந்தார்.

நிகழ்ந்தவை இவ்வளவே. விளக்கத்தில்தான் மானம் போகிறது. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் ஒளியியல் நடத்தியவன்.

மனைவி இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஓசூரில் இருக்கும் மகள் கயல்விழி ஞாயிறுதோறும் அழைப்பாள். முந்தைய வாரம் என் முகத்தைப் பார்த்தவுடன் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"பாதியா இளைச்சிட்டீங்கப்பா. கண்ணெல்லாம் குழி. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா வண்டியோட வந்துடுவேன். வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடுங்க."

நான் இளைக்கவில்லை. (அஞ்சலை அன்றாடம் கொடுத்தனுப்பும் குழம்புக்கு இளைக்கவும் முடியாது.) முதுகுக்குப் பின்னால் ஜன்னலைத் திறந்துவைத்து, கைப்பேசியை மடியில் கிடத்திப் பேசினால் எவருக்கும் கண் குழியும். அது முதுமையன்று, இயற்பியல். ஆனால் மகளிடம் அதைச் சொல்லி வெல்ல முடியாது. காட்டித்தான் வெல்ல வேண்டும். அந்த வீட்டைவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காரணங்களை இங்கே விரித்துரைக்கப் போவதில்லை.

ஆகவே அந்த ஞாயிறு முறைப்படி ஆயத்தமானேன். ஒளி முன்னிருந்து வர வேண்டும். மேற்கே கல்வராயன் மலைப் பக்கத்து ஜன்னல் காலையில் பயன்படாது. கிழக்கு ஜன்னலை நோக்கி உட்கார்ந்தேன். கருவி கண்மட்டத்தில் இருக்க வேண்டும். நான்கு பாடநூல்களை அடுக்கினேன். பின்னால் படத்தின் கண்ணாடி இருந்தால் ஒளி திரும்பி அடிக்கும். எனவே படத்தை இறக்கினேன். பெரிய படம் என்பதால் மாலையை இருபுறமும் தனி ஆணிகளில் மாட்டியிருந்தோம். அதைக் கழற்றக் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

பின்பக்கக் கேமராவில்தான் முகம் துல்லியமாகத் தெரியும் என்று சின்னசேலத்து மைத்துனன் கோபால் எப்போதோ சொல்லியிருந்தான். அழைப்பை எடுத்து, கேமராவை மாற்றி, கைப்பேசியின் முதுகை என் பக்கம் திருப்பி வைத்தேன். திரை ஜன்னலைப் பார்த்தது. என் கோலத்தை நான் ஒருவன்தான் பார்க்கவில்லை.

அசையக் கூடாது என்பது என் சொந்தச் சேர்க்கை. சிலைபோல நிமிர்ந்தேன்.

முதலில் யாரோ மூச்சை இழுக்கும் ஒலி. வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதே அழைப்பில் இருந்த கோபாலின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"மாமா, இன்னா இது? யாரு பண்ணது இதெல்லாம்?"

ஒளியமைப்பைக் கேட்கிறான் என்று பெருமிதம் கொண்டேன்.

"எல்லாம் நானே பண்ணிக்கிட்டேன்ப்பா. தனியா இருக்கறவன் முன்கூட்டியே தயாரா இருக்கணும் இல்ல?"

அப்போதுதான் கயல்விழியின் அழுகைச் சத்தம் கேட்டது. கோபால், "மாமா, ஏடாகூடமா எதுவும் செஞ்சிக்காதீங்க, இதோ பஸ் ஏறிட்டேன்" என்றான். இருவரும் என்னைப் பேசவிடவில்லை. நான் விறைத்தபடி, "பதறாதீங்க, நான் ரொம்ப நிம்மதியா இருக்கேன்" என்றேன். (அந்தச் சூழலில் சொல்லக்கூடிய வாக்கியங்களில் மிக மோசமானது அதுதான்.)

கயல்விழியின் கணவர் வேறொரு கைப்பேசியில் தகவல் சொல்ல, அஞ்சலை மாவுக் கையோடு ஓடிவந்தார். வாசற்படியிலேயே நின்றார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"ஐய, இன்னா சார் இது? அம்மா படத்த எறக்கிட்டு நீங்க போயி குந்திகினீங்க. அவங்க எடத்தக்கூடவா உடமாட்டீங்க?"

திரும்பிப் பார்த்தேன். மாலை என் தலைக்கு மேல் தொடங்கி இரு தோள்களின் பக்கமும் சமச்சீராக இறங்கியிருந்தது. அளவு குறை சொல்ல முடியாதது.

அஞ்சலை கைப்பேசியை எடுத்து, "பாப்பா, அழுவாத. உங்கப்பா நல்லாதான் கீறாரு. புத்திதான் கொஞ்சம் ஜாஸ்தியாப் பூட்ச்சி" என்றார்.

அழுகை நின்றது. பிறகு ஒரு சிரிப்பு கிளம்பியது. மூச்சு வாங்கி, நின்று, மீண்டும் கிளம்பியது. எட்டு மாதங்களாக அவள் சிரித்து நான் கேட்கவில்லை. அது அவள் அம்மாவின் சிரிப்பு என்பதை அன்றுதான் கவனித்தேன். நானும் சிரித்தேன். சற்று நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

"வண்டி இப்ப வேணாம்பா," என்றாள் இறுதியில். "அஞ்சலைக்கா பக்கத்துல இருக்கறவரைக்கும் எனக்குப் பயமில்ல. பொங்கலுக்கு மேல பார்த்துக்கலாம்."

அதன்பின் இரண்டு பொங்கல்கள் போய்விட்டன. கோபால் இன்றும் என்னை அழைத்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "மாமா, இன்னிக்கு மாலையோட வர்றீங்களா, சும்மா வர்றீங்களா?"

இன்னும் முடிக்காமல் இருப்பவை:

குடும்ப அட்டையில் ஒரு பெயரை நீக்குவது.
கொல்லையில் அவள் போட்ட அவரைக்குப் புதுப் பந்தல்.
ஓசூருக்குப் பெட்டி கட்டுவது.