நாலு சிவப்பு, ஒரு வெள்ளை

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று தணிகாசலம் முடிவு கட்டினார். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகப் போகிறது. ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டாமா மனுஷன்?

விஷயம் மாடி அறை. உப்பளம் பகுதியில் உள்ள வீட்டின் மேல் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஒற்றை அறை. தணிகாசலம் லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். ஏழாம் வகுப்பு என்பது வகுப்பே அல்ல. மீன் ஏலம். அந்த இரைச்சலில் காதைக் கொடுத்துத் தேய்ந்துபோனவர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அந்த அறையில் ஒரு சாய்வு நாற்காலி போட வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். யாரும் பேசக் கூடாது. அவ்வளவுதான் ஆசை. இதைவிடச் சின்ன ஆசை கிடையாது.

அந்த அறைக்குத்தான் அவர் மனைவி வசந்தா தன் அண்ணனைக் கொண்டுவரப் பார்த்தாள்.

அண்ணன் பெயர் சாமிக்கண்ணு. வீராம்பட்டினத்துக்காரர். ஆயுசில் பாதியைக் கடலில் கழித்தவர். பெண்சாதி போய்விட்டாள். மகன் துபாயில். போட்டை விற்றுவிட்டுத் தனியாக இருக்கிறார். நல்ல மனிதர். சங்கடமே அதுதான். கெட்டவராக இருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடலாம்.

அவரிடம் ஒரே குறை, குரல். என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பார்த்ததை வீட்டில் எல்லோருக்கும் அறிவிப்பார். பொங்கலுக்கு வந்து தங்கியபோது வாடைக்காற்று திரும்பிய செய்தி தணிகாசலத்துக்குப் போர்வைக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கணக்கு வாத்தியாருக்கு வாடை எதற்கு?

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை.

யோசனை வகுப்பில் வந்தது. அன்றைக்குப் பாடம் நிகழ்தகவு. ஒரு பையில் ஐந்து கோலி, நாலு சிவப்பு, ஒன்று வெள்ளை. கண்ணை மூடி ஒன்று எடுத்தால் சிவப்பு வர ஐந்தில் நாலு வாய்ப்பு. வெள்ளை வர ஐந்தில் ஒன்று. எழுதிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். சுண்ணாம்புக்கட்டி அந்தரத்தில் நின்றது. வகுப்பு அந்த நிமிஷம் இடிந்து விழுந்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

“ஒங்கண்ணன் விஷயம் பெரிய விஷயம், வசந்தா. நாம முடிவு பண்ணக் கூடாது. அம்மன்கிட்டயே பூ கட்டிக் கேப்போம்.”

வசந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோயிலுக்குப் போனால் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலிலேயே நிற்கிற ஆள்.

“நீங்களா சொல்றீங்க?”

“நாந்தான்.”

“சரி.”

பூ கட்டிப் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். பெண் கொடுப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரைக்கும் வசந்தா பிறந்த வீட்டில் இப்படித்தான்.

இரண்டு போதாது என்றார் தணிகாசலம். மாடிப்படி செங்குத்து. கக்கூஸ் கீழே. வெயில் காலத்தில் தண்ணீர் மேலே ஏறாது. உங்கண்ணனுக்கு முட்டி வலி வேறு. சங்கடத்துக்கு ஒரு சிவப்பு வீதம் நாலு சிவப்பு, ஒரு வெள்ளை. இதெல்லாம் அம்மனுக்கும் தெரிய வேண்டாமா?

அதற்கும் வசந்தா சரி என்றாள். இரண்டு சரி ஒரே நாளில். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

“பொட்டலம் யாரு கட்டறது?”

“நான். எல்லாம் ஒரே அளவுல இருக்கணும். அப்பத்தான் சம வாய்ப்பு.”

“எடுக்கறது?”

“நீயே எடு.”

“ஒண்ணு சொல்லிப்புடறேன். வெள்ளை வந்துட்டா அதுக்கு மேல பேச்சே கெடையாது. அம்மன் உத்தரவு.”

“சிவப்பு வந்தா?”

“பொறுன்னு அர்த்தம்.”

தலையாட்டினார். சந்தோஷத்தில் அந்தக் கடைசி வார்த்தையைக் காதில் வாங்கவில்லை. ஐந்தில் நாலு! இந்த வீட்டில் அவருக்கு இவ்வளவு வாய்ப்பு எப்போது இருந்தது?

வெள்ளிக்கிழமை பழைய விடைத்தாள்களை அடிமட்டம் வைத்துக் கிழித்தார். நாலில் செவ்வரளி, ஒன்றில் நந்தியாவட்டை. மடித்து, கலைத்து, படத்துக்கு முன்னால் அடுக்கினார். வசந்தா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு.

அவள் முகம் வாடும் என்று பார்த்தார். வாடவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு இட்லி ஊற்றப் போய்விட்டாள். அவர் அன்றைக்கு ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி பூக்கூடை வந்தது.

“போன வாரமே கேட்டாச்சே!”

“போன வாரம் பொறுன்னா. பொறுத்தாச்சு. கட்டுங்க.”

“இன்னும் எத்தினி வாரம் கேப்ப?”

“வெள்ளை வர்ற வரைக்கும்.”

அவருக்கு அப்போதுதான் கணக்கு புரிந்தது. சிவப்பு வந்தால் வாய்தா. வெள்ளை வந்தால் தீர்ப்பு. இவர் எல்லா வெள்ளிக்கிழமையும் ஜெயிக்க வேண்டும். அவள் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை ஜெயித்தால் போதும்.

அன்றைக்கும் சிவப்புதான். ஆனால் இட்லி இறங்கவில்லை.

வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். தொடர்ந்து இரண்டு தடவையும் சிவப்பு வர ஐந்தில் நாலையும் ஐந்தில் நாலையும் பெருக்க வேண்டும். ஐந்து தடவையும் சிவப்பே வர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புகூட முழுசாக இல்லை. பத்துத் தடவை என்றால் பத்தில் ஒன்று. பின்னம் தேய்ந்துகொண்டே போனது. பிள்ளைகள் கர்மசிரத்தையாக அதை எழுதிக்கொண்டன. தங்கள் வாத்தியாரின் சாய்வு நாற்காலி பலகையில் கரைந்துகொண்டிருப்பது அவற்றுக்குத் தெரியாது.

அடுத்த வாரமும் சிவப்பு. அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜெயித்தார். ஜெயிக்க ஜெயிக்க முகம் கறுத்தது. 

பொட்டலத்தைப் பத்தாக்கினார். ஒன்பது சிவப்பு, ஒரு வெள்ளை. வசந்தா சரி என்றாள். அதோடு, செவ்வாய்க்கிழமையும் அம்மனுக்கு உகந்த நாள்தானே என்று ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டாள். தணிகாசலம் கணக்குப் போட்டார். பத்தில் ஒன்பது, வாரத்துக்கு இரண்டு தடவை. பெருக்கினால் நூற்றுக்கு எண்பத்தொன்று. பழைய கணக்கு நூற்றுக்கு எண்பது. ஐந்து பொட்டலம் கூடுதலாகக் கட்டி அவர் சம்பாதித்தது நூற்றுக்கு ஒன்று.

இருபதாக்கினார். அம்மன் விளக்கைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எல்லா நாளும் அவள் நாள்தான் என்றாள் வசந்தா. இப்போது தினமும். வாரம் முழுக்கத் தப்பிக்க நூற்றுக்கு எழுபதுகூட இல்லை. முதல் நாள் இருந்ததைவிட மோசம். இவர் பொட்டலத்தைக் கூட்டினால் அவள் நாளைக் கூட்டினாள். பொட்டலம் கட்டுவது இவர். எடுத்துக் கும்பிடுவது மட்டும்தான் அவள்.

“எங்கண்ணன் மத்தியானம் கடையில பார்சல் வாங்கித் தின்னுது,” என்றாள் ஒருநாள், பிரித்த செவ்வரளியைக் கையில் வைத்துக்கொண்டு. “தனியா ஒக்காந்து. செவுத்துகிட்ட பேசிக்கிட்டு.”

தணிகாசலத்துக்கு நெஞ்சில் முள் குத்தியது. பேச்சு என்ற வார்த்தை வந்ததும் முள் விழுந்துவிட்டது.

மறுநாள் அந்தக் காரியத்தைச் செய்தார். இருபது பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்து மடித்தார். வெள்ளை கிடையாது. பாடப்புத்தகத்தில் இதற்கு இயலா நிகழ்ச்சி என்று பெயர். வாய்ப்பு பூஜ்யம். சூரியன் மேற்கே உதிக்கலாம், இந்தப் படத்துக்கு முன்னால் வெள்ளை வராது. அம்மனை நேராகப் பார்க்காமல், பக்கத்திலிருந்த காலண்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

சிவப்பு. மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும். வசந்தா பிரித்துப் பார்ப்பாள், கன்னத்தில் போட்டுக்கொள்வாள், போய்விடுவாள். ஒரு சந்தேகமும் இல்லை. தணிகாசலத்துக்குச் சாப்பாடு இறங்கியது. சாய்வு நாற்காலிக்கு நேரு வீதியில் போய் விலைகூட விசாரித்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பொட்டலம் கட்டி அடுக்கிவிட்டுப் பேப்பரை எடுத்தார்.

“இன்னைக்கு நீங்க எடுங்க,” என்றாள் வசந்தா.

“நானா? எதுக்கு?”

“என் கை ராசியில்ல போல. எடுத்தா செவப்பாவே வருது. போயி மொதல்ல குளிச்சிட்டு வாங்க. குளிக்காம தொடக் கூடாது.”

பாவம், என்று நினைத்தார். அவருக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்தது. வெந்நீர் போட்டு நிதானமாகக் குளித்தார். துண்டோடு வந்து நின்றார். கண்ணை மூட வேண்டிய அவசியம்கூட இல்லை. இருந்தாலும் மூடினார். மூலையிலிருந்த பொட்டலத்தை அலட்சியமாக உருவிப் பிரித்தார்.

வெள்ளை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நந்தியாவட்டை. இதழில் தண்ணீர்கூடக் காயவில்லை.

“இது... இது எப்பிடி வந்துது?”

“ஏன், நீங்க வெள்ளை போடலியா?”

தணிகாசலம் வாயைத் திறந்தார். எதிரே வசந்தா. அவள் தலைக்கு மேலே அம்மன்.

“போட்டேன்,” என்றார்.

“அப்பறம் இன்னா? உத்தரவு வந்துடுச்சு.” விழுந்து கும்பிட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள்.

அவர் நின்றது நின்றபடி நின்றார். பூஜ்யம் எப்படி ஒன்றாகும்? இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்த கணக்கெல்லாம் பொய்யா? ஒருவேளை அம்மனே...  அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. அதற்கடுத்தது வெள்ளை. விறுவிறுவென்று மிச்சம் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினார். அத்தனையும் நந்தியாவட்டை. காகிதம் அவருடைய விடைத்தாள்தான், அவர் அடிமட்டம் வைத்துக் கிழிக்கிற மாதிரியே வேறு யாரோ கிழித்தது.

கொல்லைக்கு ஓடினார். வசந்தா தென்னை மரத்தடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வசந்தா, எல்லாமே வெள்ளையா இருக்குது.”

“ஆமா.”

“இது நியாயமா?”

“இத்தினி நாளா எல்லாமே செவப்பா இருந்துதே, அது?”

தணிகாசலம் குனிந்து பார்த்தார். தென்னையைச் சுற்றி, பாத்திக்குள், வாடிய செவ்வரளி மெத்தை மாதிரிக் கிடந்தது.

“சாமிக்கு வெச்ச பூவ கால்படற எடத்துல போட முடியுமா?” என்றாள். “தெனமும் அத்தினி பொட்டலத்தையும் பிரிச்சு, பூவ மரத்தடியில போட்டு, காயிதத்தக் குப்பையில போடறது யாரு? நீங்களா?”

முப்பது வருஷத்தில் அம்மன் படத்துக்கு முன்னால் இருக்கிற பலகையை அவர் ஒரு தடவை துடைத்திருந்தால் இது தோன்றியிருக்கும். கட்டியது வரைக்கும் யோசித்தார். எடுப்பது வரைக்கும் யோசித்தார். எடுக்காத பொட்டலம் எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை.

கடைசியாக ஒரு முட்டு முட்டிப் பார்த்தார். “அப்ப இது அம்மன் உத்தரவு இல்ல. செல்லாது.”

“சரி, செல்லாது. எங்கண்ணங்கிட்ட நீங்களே சொல்லிப்புடுங்க, அம்மன் முன்னாடி வெள்ளையே வெக்காம ஏமாத்தினேன், அதனால செல்லாதுன்னு.”

காற்றில் தென்னை ஓலை ஆடியது. தணிகாசலம் அண்ணாந்து அதைப் பார்த்தார். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. உயிர் வந்தது.

“வரட்டும். நான் வேணாங்கல. ஆனா இது ஆடி மாசம். ஆடியில யாரும் குடி போக மாட்டாங்க. ஆவணியில பாத்துக்கலாம்.”

ஒரு மாசம். ஒரு மாசத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். துபாயிலிருந்து மகன் வரலாம்.

“குடி வரல. ஆடிக்கு தங்கச்சி வூட்டுக்கு விருந்து வருது. விருந்துக்கு மாசம் பாப்பாங்களா?”

“அப்ப... எப்பதான் வர்றாரு?”

தெருவில் லோடு ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது. வசந்தா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“நீங்க குளிச்சிட்டு இருக்கறப்பவே எங்கண்ணன் அரியாங்குப்பம் தாண்டிடுச்சு.”