தாத்தாவின் இலையில் சப்ளையர்

எங்கள் ஊரில் செத்துப்போன அத்தனை ஆண்பிள்ளைகளுக்காகவும் உயிரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் சப்ளையர் ஒருவர்தான். இதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் ஆடி அமாவாசை அன்று அவர் வீடு வீடாகச் சாப்பிட்டதை நேரில் பார்த்தவர்கள் யாரும் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. ராமநாதபுரத்துக்கும் சேதுக்கரைக் கடலுக்கும் நடுவில் கிடந்த எங்கள் ஊரில் ஒரே ஒரு கிளப்புக் கடை. அதில் சோறு பரிமாறுகிறவர், அதனால் சப்ளையர். ஒல்லியான ஆள். இடுப்பில் ஈரத்துண்டு, கையில் சாம்பார் வாளி. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆடி அமாவாசைக்கு விடிவதற்கு முன்பே ஊர் மொத்தமும் வண்டி கட்டிக்கொண்டு சேதுக்கரைக்குப் போய்விடும். ஆண்கள் கடலில் முங்கி, எள்ளும் தண்ணீரும் விட்டு, செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாங்கள் சிறுசுகள் அலையில் உருண்டு, உடம்பெல்லாம் உப்பு அரிக்க வீடு திரும்பினால், வாழைக்காயும் அவரைக்காயும் உளுந்த வடையும் பாசிப்பருப்புப் பாயசமும் மணக்கும். தொட முடியாது. படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, அப்புறம் செத்தவரை நினைத்து வெளியாள் ஒருவருக்கு இலை போட வேண்டும். அவர் சாப்பிட்டு எழுந்தால்தான் நமக்கு. அன்றைக்கு வீட்டுக்கு வீடு விருந்து என்பதால் கிளப்புக் கடை அடைப்பு. ஊரில் சும்மா இருந்த ஒரே வெளியாள் சப்ளையர். இப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் கூப்பிட்டது வத்தல் மண்டிக்காரர். "எங்க அய்யாவ நெனச்சு சாப்புடுங்கண்ணே" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். சப்ளையர் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாய் வைத்தார். முழங்கையால் குழம்புச் சட்டியைத் தள்ளினார்.

"ஏலே, கடல் பூரா உப்புக் கெடக்கு. இந்த வீட்டுக் கொழம்புல ஒரு கல்லு இல்லையா?"

அது செத்துப்போன பெரியவரின் அதட்டல். மருமகள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உப்புக்கு ஓடினாள். அடுக்களைக்குள் போன பிறகுதான் மாமனார் போன மாசியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது ஞாபகம் வந்து, "ஆத்தே!" என்று நெஞ்சில் கை வைத்தாளாம். மண்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அய்யாவே வந்து திட்டுனாப்புல இருந்துச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த வருஷத்திலிருந்து சப்ளையருக்கு ஓய்வே இல்லை.

அருள் வந்து ஆடுகிற சமாசாரமெல்லாம் அவரிடம் கிடையாது. யாராவது பயபக்தியோடு விபூதி கேட்டால் எரிச்சல் வந்துவிடும். "நான் என்ன கோடாங்கியா? கடையில எத்தன வருசமா எல போடுறேன். அவுக எப்படிச் சாப்புட்டாக, அப்படிச் சாப்புடுறேன். அம்புட்டுத்தான்" என்பார். செத்தவர் ரசத்தை உறிஞ்சினால் இவரும் உறிஞ்சுவார். செத்தவர் அப்பளத்தைக் கடைசிவரை காத்து வைத்திருந்தால் இவரும் காத்து வைத்திருப்பார். ஒரு கவளம் மாற்றிச் சாப்பிடமாட்டார். அதில் அவருக்கு அப்படி ஒரு ரோஷம்.

செத்துப்போன போலீஸ் ஏட்டையா, சாப்பிட்டு முடித்ததும் பித்தளைத் தம்ளரைச் சுவரில் விட்டெறிகிற பழக்கம் உள்ளவர். அவருக்காக உட்கார்ந்த சப்ளையர், பாயசத்தைக் குடித்துவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, தம்ளரை வீசினார். வாசலில் வேடிக்கை பார்த்த நாங்கள் சிதறி ஓடினோம். ஏட்டையா சம்சாரம் ஓடிவந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "அதே எடம்! அதே எடம்!" என்று சொல்லி அப்படி ஒரு சந்தோஷம். நசுங்கிய தம்ளரைக் கழுவக்கூட இல்லை, அப்படியே பரணில் ஏற்றிப் பத்திரப்படுத்திவிட்டார்.

வாத்தியார் வீட்டில்தான் வம்பாகிவிட்டது. சப்ளையர் ஒவ்வொரு வாய்க்கும் வாத்தியார் சம்சாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். வடையின் பக்கம் கை போகும், திரும்பி வந்துவிடும். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இது யாரு சாப்புடுற மாதிரி?"

"வாத்தியாரு."

"எங்க வீட்டுக்காரரு என்னக் கண்டு பயந்தா சாப்புட்டாரு?"

"நீங்க கடை வாசல்ல வந்து நின்னப்ப எல்லாம் இப்படித்தான் தாயி."

கரண்டி பறந்தது. சப்ளையர் வடையை எடுத்துக்கொள்ளாமலே தெருவுக்கு வந்துவிட்டார். வாத்தியாராக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பார்.

பெண்களுக்காக மட்டும் அவர் உட்காருவதில்லை. "எங்க ஆத்தாளுக்கும் ஒரு எலைக்கு வாங்கண்ணே" என்று ஒருவர் வந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

"ஒங்க ஆத்தா சாப்புட்டு நீ பாத்திருக்கியாலே?"

அவர் தலையைச் சொறிந்து யோசித்தார். "இல்லண்ணே."

"நானும் பாத்ததில்ல. இந்த ஊருல எவனும் பாத்ததில்ல. எதப் பாத்து நான் சாப்புட?"



இனி எங்கள் வீட்டு விஷயம். என் அய்யா உழவு மாட்டை விற்று வாடகை சைக்கிள் கடை வைத்தவர். மிளகாய்க் கொல்லையைத் தவிர வேறு உலகம் தெரியாத தாத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. "காத்தடிச்சுப் பொழைக்கிற பய சோறு எனக்கு வேணாம்" என்றார். அதோடு சரி, மகனோடு பேச்சு நின்றது. மதியச் சாப்பாட்டுக்குக் கிளப்புக் கடைக்குப் போய்விடுவார். வீடு நிறையச் சோறு இருக்க, சொந்த அப்பன் கடையில் கை நனைப்பது அந்தக் காலத்தில் சின்ன அவமானமா? அய்யா தினமும் போய்க் கூப்பிடுவார். தாத்தா இலையோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஒருநாள் அய்யா சப்ளையரிடமிருந்து சோற்று வாளியை வாங்கித் தானே பரிமாறப் போனார். தாத்தா இலைமேல் கையை விரித்து மூடிக்கொண்டார். அய்யா கடையை விட்டு வெளியேறும்வரை எடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் படுத்த தாத்தா அப்புறம் எழுந்திருக்கவில்லை. கடைசியாக அய்யா வாயில் விட்ட பாலும் கடைவாயில் வழிந்துவிட்டது. தொண்டை அடைத்துவிட்டது என்றார் வைத்தியர். அய்யா அதை நம்பவில்லை. சாகும்போதும் தன் கையால் வாங்க மறுத்துவிட்டார் என்றே நினைத்தார். அதற்குப் பிறகு அவர் சோற்றைப் பிசைவார், ஆனால் பாதி இலையிலேயே கிடக்கும்.

முதல் ஆடி அமாவாசைக்குச் சப்ளையர் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். கிளப்புக் கடையிலும் தாத்தா எல்லாரும் எழுந்த பிறகு பிந்தித்தான் சாப்பிடுவார். அய்யாவே சோற்றை எடுத்துக்கொண்டு வந்தார். சப்ளையர் இலையோடு சுவரைப் பார்த்துத் திரும்பினார். அய்யா குனிந்ததும் இலைமேல் கையை விரித்து மூடினார். அம்மாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"இதென்ன கூத்து? செத்தும் மொகத்தத் திருப்பணுமா?"

"நான் என்ன தாயி செய்ய? அவுக அப்படித்தான். மாத்திச் சாப்புட்டா அது வேற ஆளு."

"விடு. சரியாத்தான் சாப்புடுறாரு" என்று சொல்லி அய்யா சோற்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த வருஷம் அமாவாசைக்கு முந்தின நாள் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு அய்யா கிளப்புக் கடைக்குப் போனார். "அண்ணே, ஒரே ஒரு கவளம். என் கையால வாங்கிக்கிட்டாத்தான் என்ன?" என்று கேட்டார்.

"ஒங்க அய்யா வாங்கலையே தம்பி" என்றார் சப்ளையர், மேஜையைத் துடைத்துக்கொண்டே.

மறுநாளும் கை மூடியது. வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அய்யா கேட்கவில்லை. சப்ளையர் வாங்கினால்தான் அவருக்கு அது தாத்தா வாங்கியது.

மூன்றாம் வருஷம் அய்யா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சோற்றை எடுத்து வந்தார். கை மூடியது. ஆனால் இந்தத் தடவை அவர் வெளியே போகவில்லை. குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். சோற்றில் ஆவி அடங்கிவிட்டது.  எனக்குப் பசியில் வயிறு இழுத்தது. அப்போது சப்ளையரின் கை இலையை விட்டு நகர்ந்தது.

"வையிடா" என்றார். தாத்தாவின் குரல்.

அய்யா வைத்தார். பாதி இலையில், மீதி தரையில். சப்ளையர் சாப்பிட்டார். அய்யா மறுபடி வைத்தார். அதையும் சாப்பிட்டார். அன்றைக்கு எல்லா வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டில் உட்கார்ந்த மனிதர் அவர். கண் பிதுங்குகிறது, நெற்றி நரம்பு புடைக்கிறது, போதும் என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரவில்லை. அய்யாவும் நிறுத்துகிற வழியாக இல்லை. "இந்தாங்கய்யா, இந்தாங்கய்யா" என்று அழுதுகொண்டே அள்ளி அள்ளி வைத்தார். கடைசியில் அம்மாதான் பானையைப் பறித்துக்கொண்டு போனாள். சப்ளையரை இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார்கள். அன்றைக்கு அய்யா இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

ஊர் சும்மா இருக்குமா? மறுநாளே கிளப்புக் கடையில் பஞ்சாயத்து. வத்தல் மண்டிக்காரர்தான் கேட்டார்.

"நெசத்தச் சொல்லுங்கண்ணே. அந்தப் பெரியவரு என்னைக்காச்சும் மகன் கையால வாங்குனாரா?"

"இல்ல."

"அப்ப நீங்க எப்படி வாங்குனீக?"

"பசிச்சுச்சு. வாங்குனேன்."

அன்று அவருக்குச் சோறு போட்ட அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். பசி என்றதை ஒருவரும் நம்பவில்லை. ஆனால் மண்டிக்காரருக்குச் சந்தேகம் வேறு பக்கம் போய்விட்டது. "இவரு இஷ்டத்துக்குச் சாப்புடுறாருன்னா, இத்தன வருசமா என்னத் திட்டுனது எங்க அய்யா இல்லையா? இவரு சொந்தத்துல திட்டுனாரா?" என்று குதித்தார். அடுத்த அமாவாசைக்கு அவர் கூப்பிடவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். ஏட்டையா சம்சாரம்கூட வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அந்த ஆளுக்குத் தம்ளரைக் குறிபார்த்து வீசத் தெரியவில்லை என்று கேள்வி.

"என்னாலதான அண்ணே" என்று அய்யா வருத்தப்பட்டபோது, "வயித்துக்கு நல்லது தம்பி" என்றார் சப்ளையர். ஆனால் அவருக்கு வலித்திருக்கும். வருஷம் பூராவும் நின்று பரிமாறுகிற மனிதர், அந்த ஒருநாள்தான் உட்கார்ந்து ஊரையே மிரட்டினார். அதை எங்களுக்காக விட்டுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு எங்கள் வீடு ஒன்றுதான். சுவரைப் பார்ப்பதில்லை. எங்களைப் பார்த்தே உட்காருவார். அய்யா பரிமாறிக்கொண்டே, புதிதாக வண்டி வாங்கியது, டைனமோ விளக்கு வைத்தது எல்லாம் ஒப்பிப்பார். சப்ளையர் "ம்" கொட்டிக்கொண்டே சாப்பிடுவார்.

இப்போது அவர்கள் யாரும் இல்லை. ஆடி அமாவாசைக்குத் தாத்தாவை நினைத்து நான் இலை போடுகிறேன். தாத்தாவின் முகம் எனக்கு மறந்தே போய்விட்டது. எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும், ஈரத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சப்ளையர்தான் வந்து உட்காருகிறார். உட்காரட்டும் என்று ஒரு வடை கூடுதலாக வைக்கிறேன்.