சிக்னல் சித்தரும் உடம்பில்லாத ரூட்டரும்

திருவொற்றியூர் தேரடியில் அன்று தேர் ஓடவில்லை. கூட்டத்துக்கு மட்டும் குறைவில்லை. மாசானம் அண்ணாச்சியின் பிரவுசிங் சென்டரில் பேய் புகுந்துவிட்டதாம்! ஓட்டுவதற்கு எர்ணாவூரிலிருந்து சிக்னல் சித்தர் வந்திருந்தார். லேசுப்பட்ட ஆளா? பெரம்பூரில் ஒரு ஜிம்மின் ஸ்பீக்கருக்கே தாயத்து கட்டியவர். கழுத்தில் ருத்ராட்சம், நடுவே பதக்கமாக ஒரு பழைய சிம் கார்டு.

கார்குழலி இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நாலு மணிக்கு அவளுக்கு வீடியோவில் நேர்காணல். நெட்வொர்க் பராமரிக்கும் வேலை. வீட்டில் சிக்னல் நொண்டும் என்றுதான் இங்கே இடம் பிடித்திருந்தாள்.

"இன்னா அண்ணாச்சி, நெட்டு படுத்துகினு கீதா?"

"அத ஏன் தாயி கேக்க? காலையில நல்லா ஓடுது. ஆளு சேரச் சேர நகர மாட்டேங்கு."

சித்தர் செருமினார். "ரூட்டர் பெட்டி எங்கே?"

"தனிப் பெட்டி கெடையாது சாமி. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே ரூட்டர் ஒரு சாப்ட்வேரா ஓடுது. வெளியாளு நெட்டுல புகுந்துராம காவலும் அதுதான் பாக்குது. மருமவன் போட்டுக் குடுத்துட்டு துபாய் போயிட்டான்."

சித்தரின் கண்கள் மின்னின. "உடம்பு இல்லை. ஆனால் இருக்கிறது. இன்னொரு உடம்புக்குள் புகுந்து ஆட்டுகிறது. இது என்ன?"

"பேய்!" என்றது கூட்டம். பள்ளிக்கூடத்தில்கூட அவர்கள் இத்தனை வேகமாகப் பதில் சொன்னதில்லை.

எல்லோரும் சென்டரின் இலவச வைஃபையிலேயே பேயோட்டலை நேரலை விட்டுக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் நெட்டின் வேகம் ஐந்து எம்பிபிஎஸ்.

"என்னைப் பார்த்ததும் முரண்டு பிடிக்கிறது!" என்றார் சித்தர். "எல்லோரும் போனை அணைத்துத் தாம்பாளத்தில் வையுங்கள்."

கற்பூரம். மந்திரம். வேகம் இருநூறு! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இது தற்காலிகக் கட்டுதான். பேய் நிரந்தரமாக ஓட, மஞ்சள்நீர் அபிஷேகம்!" கம்ப்யூட்டரின் தலைக்கு நேராகக் குடத்தைத் தூக்கினார்.

கார்குழலிக்குத் தன் வேலையே அந்தத் தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. பாய்ந்து குடத்தைப் பிடித்தாள்.

"இரு சாமி! நீ கொஞ்சம் வெளிய நில்லு. மந்திரம் வாணாம், கற்பூரம் வாணாம். போனெல்லாம் தட்டுலயே கெடக்கட்டும்."

வேகம் இருநூறு.

"இப்ப எல்லாரும் போனை எடுத்து லைவ் போடுங்க. சாமி, நீ உள்ள வந்து கத்து."

சித்தர் தொண்டை வறளக் கத்தினார். வேகம் ஐந்து.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மாமு, அப்ப பேயி நம்ம கையிலதான் கீதா?"

"இன்னாம்மா, பேஜார் பண்றே!" சித்தரின் சுத்தத் தமிழ் அங்கேயே கழன்று விழுந்தது.

அண்ணாச்சி பாஸ்வேர்டைச் சொல்ல, கார்குழலி உள்ளே பார்த்துச் சிரித்தாள். "அண்ணாச்சி, இந்த மெசினுக்கு எட்டு மூளை, கோர்னு சொல்வாங்க. உங்க மருமவன் ரூட்டருக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் குட்த்துகிறாரு. இவ்ளோ கூட்டம் வந்தா அதுக்கு மூச்சு முட்டாதா? பாக்கியெல்லாம் சும்மா குந்திகினு கீது."

ரூட்டரை நிறுத்தி, நாலு மூளையை ஒதுக்கி, மறுபடி ஓடவிட்டாள். அத்தனை போனும் நேரலையில் இருக்க, வேகம் நூற்றெண்பது. சித்தர் செருப்பை மறந்து நடையைக் கட்டினார்.

நாலு மணிக்குத் திரையில் வந்த அதிகாரி கேட்டார்: "வேகம் குறைந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?"

"கற்பூரத்தை அணைப்பேன் சார். அப்புறம் ஒவ்வொண்ணா மாத்திப் பார்ப்பேன்."

அவர் சிரித்த சிரிப்பு ஒரு இடத்தில்கூடத் திக்காமல் வந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

மெசினில் சும்மா கிடந்த மூளையை எழுப்ப ஒரு பெண்ணின் விரல் போதுமாயிருந்தது. தாம்பாளத்தில் போனை வைத்த பெருமக்களே, போனோடு சேர்த்து வேறொன்றையும் அங்கே வைத்தீர்கள். போனை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். மற்றது தலைக்குள் இருக்க வேண்டிய பொருள். வந்து வாங்கிப் போங்கள்.