வாட்டில் பூவை நிறுத்திய நாள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளப் பதினோரு நிமிடம் ஆகும். நான் விழித்துக்கொள்ள அதைவிட அதிகம் ஆகும் என்று என் மனைவி நெரிடா சொல்வாள். அது வேறு விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பொத்தானை அழுத்திவிட்டுப் போய் டீ போட்டேன். ரொட்டி வாட்டி வெஜிமைட் தடவிச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக்கூட வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் முடிவு செய்தேன். இனி இந்த இயந்திரத்தில் என் அனுமதி இல்லாமல் ஒரு துரும்பும் ஓடக் கூடாது!

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் க்ளென். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆனால் எங்கள் பாங்க்சியா தெருவில் என்னை அதற்காக யாரும் மதிப்பதில்லை. குப்பைத் தொட்டிக்காகத்தான் மதிக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொட்டியை வாசலில் வைக்க வேண்டும். புதன் விடிந்ததும் லாரி வரும். சிவப்பு மூடித் தொட்டி வாராவாரம், அதில் குழப்பமே இல்லை. பாட்டிலும் காகிதமும் போடுகிற மஞ்சள் மூடி ஒரு வாரம், புல்லும் இலையும் போடுகிற பச்சை மூடி மறு வாரம். சரி, இந்த வாரம் எது? அங்கேதான் படித்தவன், படிக்காதவன் எல்லாரும் விழிப்பார்கள். நகராட்சி அனுப்பிய அட்டவணை எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிறது. ஆனால் கண்ணாடியைத் தேடி, அட்டவணையைத் தேடி, அதில் தேதியைத் தேடி, இதெல்லாம் எதற்கு? எட்டிப் பார்த்தால் க்ளென் வீட்டு வாசல் தெரிகிறதே! நான் மஞ்சளை வைத்தால் தெருவே மஞ்சள். பச்சையை வைத்தால் தெருவே பச்சை. மொத்தம் இருபது வீடு. நாலு வருடத்தில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அட்டவணை பார்த்தா? அட்டவணையாவது, மண்ணாவது! செவ்வாய் சாயங்காலம் ஆனால் எனக்குள் தானாக ஒரு நிறம் தோன்றும். மஞ்சள் என்றால் மஞ்சள்தான். சில பேருக்குப் பாட்டு வரும், சில பேருக்குக் கணக்கு வரும். எனக்குத் தொட்டி வரும்.

கம்ப்யூட்டருக்கு வருகிறேன். பின்னணியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். நூற்று நாற்பத்து மூன்று! எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பேர் வரவில்லை.

"நெரிடா! இங்க வந்து பாரேன். இது கம்ப்யூட்டரா, சத்திரமா?"

நெரிடா குறுக்கெழுத்துப் புதிரும் பென்சிலுமாக வந்தாள். "என்னவாம்?"

"பிரிண்டர் உதவியாளன்னு ஒருத்தன் ஓடிட்டு இருக்கான். எந்தப் பிரிண்டர்? ஆறு வருஷத்துக்கு முன்னாடி நாம தூக்கிப் போட்டோமே, அந்தப் பிரிண்டர்!"

"பாவம், விசுவாசி."

"இது என் பழைய போனைத் தேடுது. அந்தப் போன் ஸ்டாக்டன் படகுத்துறையில தண்ணிக்குள்ள போச்சு."

"நீயும் பின்னாடியே குதிக்கப் பார்த்தே. நான்தான் சட்டையைப் பிடிச்சேன்."

"இதைக் கேளு. நம்ம பொண்ணு பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப ஆடின விளையாட்டு. புதுசா ஏதாவது வந்திருக்கான்னு தினமும் போய் விசாரிச்சுட்டு வருதாம். அவ பெர்த் ஊருக்குப் போய் ரெண்டு பிள்ளை பெத்தாச்சு."

"அதுக்கு யாரும் சொல்லலை போல."

ஒவ்வொன்றாக நிறுத்தினேன். சும்மா நிறுத்தினால் அடுத்த முறை திறக்கும்போது மறுபடி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் தானாக எழும் பட்டியலிலிருந்தும் பெயரை அடித்தேன். பிறகு ப்ரோகிராமையே வேரோடு பிடுங்கினேன். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று படித்துப் பார்த்துத்தான் செய்தேன். நான் ஒன்றும் அவசரக்காரன் இல்லை. தொண்ணூறு போனது. நூறு போனது. கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது.

"இது என்ன? திரையில படம் மாத்துறதுக்குன்னே தனியா ஒரு ப்ரோகிராமா?"

எங்கள் திரையில் இரண்டு படங்கள் உண்டு. ஒன்றில் வாட்டில் மரம், கிளை தெரியாமல் மஞ்சளாகப் பூத்து நிற்கும். இன்னொன்றில் மழைக்காட்டுப் பெரணிச் செடி, பச்சைப் பசேலென்று இருக்கும். இரண்டும் மாறி மாறி வரும். நான் அவற்றைப் பெரிதாகக் கவனித்ததே இல்லை.

நெரிடா புதிரிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அது இருக்கட்டும், க்ளென்."

"எதுக்கு?"

"பார்க்க நல்லா இருக்கு."

"நல்லா இருக்கிறதெல்லாம் மெமரியைத் தின்னும்."

"ரெண்டு படம் எவ்வளவு தின்னுடப் போகுது?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு நெரிடா. எனக்குத் தெரியாம பின்னணியில உக்காந்து வேலை பாக்கிற எதுவும் இந்த வீட்டுல வேண்டாம்."

"நிச்சயமா வேண்டாமா?"

"நிச்சயமா."

"அப்புறம் என்னை வந்து கேக்கக் கூடாது."

"உன்னை எதுக்குக் கேக்கப் போறேன்?"

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டாள். நான் படம் மாற்றியைப் பிடுங்கி எறிந்தேன். திரையில் அப்போது இருந்த வாட்டில் பூ அப்படியே நின்றுவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். நாற்பது வினாடி! பதினோரு நிமிடம் போய் நாற்பது வினாடி! கடிகாரத்தை வைத்து மூன்று தடவை பார்த்தேன். தெருவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். இந்த வயதில் ஒரு மனிதன் இதைவிட என்ன சாதிக்க வேண்டும்?

அது அக்டோபர் மாதத்து நீண்ட விடுமுறை. திங்களும் லீவு. மழை விட்டு வெயில் அடித்ததால் ஊரே புல் வெட்டியது. எல்லார் வீட்டுப் பச்சைத் தொட்டியும் மூடி மூடாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய் சாயங்காலம் வழக்கம்போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்த்தேன். சனிக்கிழமை மீன் பிடிக்கப் போவதாகத் திட்டம். அரை மணி கழித்து எழுந்தேன். உள்ளே நிறம் தோன்றியது. மஞ்சள்.

மஞ்சள் தொட்டியைத் தள்ளினால் அது காற்றாய் உருண்டது. வீட்டில் பீர் குறைந்துவிட்டது, கவனிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு டாரில் பச்சைத் தொட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அடிலெய்டிலிருந்து போன மாதம் குடிவந்தவன். தெருவிலேயே அட்டவணை பார்க்கிற ஒரே ஆள்.

"என்ன மேட், மஞ்சளா? போன வாரம்தானே மஞ்சள் வச்சோம்?"

"போன வாரம் எதை வச்சோம்னு ஞாபகம் வச்சிருக்கிற ஆளை இந்த நாட்டுல நான் இன்னும் பார்க்கலை, டாரில்."

"அட்டவணையில பச்சைன்னு போட்டிருக்கு."

"அச்சுப் பிழையா இருக்கும்."

"பந்தயம் கட்டுறியா? தோத்தவன் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஜெயிச்சவன் தொட்டியை வெளிய வைக்கணும், உள்ள எடுத்து வைக்கணும்."

"குடு கையை!"

பக்கத்து வீட்டு பெவ் பச்சைத் தொட்டியைப் பாதி வழி இழுத்து வந்திருந்தாள். என் வாசலைப் பார்த்தாள். அதை அப்படியே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய் மஞ்சளோடு வந்தாள்.

"க்ளென் மஞ்சள்னா மஞ்சள்தான். உங்க ஊர்ல வேற மாதிரி இருக்கலாம் டாரில்."

ஒவ்வொரு வாசலாக மஞ்சள் வந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பத்தொன்பது மஞ்சள் மூடி, நடுவில் அநாதையாக ஒரு பச்சை. எனக்கு நெஞ்சு விம்மியது. எந்தத் தலைவனுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு தெரு?

உள்ளே வந்ததும் நெரிடா கேட்டாள். "மஞ்சளா வச்சே?"

"மஞ்சள்தான்."

"சரி," என்றாள். முப்பத்து மூன்று வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவன், அந்தச் 'சரி'யைக் கேட்டதும் உஷாராகியிருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டது. டாரில் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வாசலுக்கு ஓடினேன். லாரி டாரில் வீட்டில் நின்றது. இரும்புக் கை நீண்டு அவன் பச்சைத் தொட்டியைத் தூக்கியது. லாரி மஞ்சள் மஞ்சளாகத் தாண்டிப் போய், திரும்பி, என் வீட்டு முன்னால் நின்றது! ஆஹா, என் தொட்டியையும் எடுக்கிறானே என்று ஒரு நொடி பூரித்தேன். அப்புறம்தான் மூடியைப் பார்த்தேன். பச்சை. என் மஞ்சள் தொட்டி கார் ஷெட் ஓரமாக, ஒன்றும் தெரியாத பிள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

அதற்குள் தெருவே இரவு உடையில் வெளியே வந்துவிட்டது.

"ஏன் க்ளென், எங்களையெல்லாம் மஞ்சள் வைக்க வச்சுட்டு, நீ மட்டும் கமுக்கமா பச்சையை வச்சிருக்கியே!" என்றாள் பெவ். "இன்னும் ரெண்டு வாரம் இந்தப் புல் நாறப் போகுது. உன்னைப் போய் நம்பினேனே!"

தெரியாமல் செய்தேன் என்றால் முட்டாள். தெரிந்து செய்தேன் என்றால் அயோக்கியன். இரண்டில் எது மேல் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க பெவ்," என்றாள் நெரிடா. "விடியக்காலை அஞ்சு மணிக்குத்தான் க்ளென்னுக்குப் பொறி தட்டிச்சு. எங்க தொட்டியை மாத்தி வச்சுட்டு உங்க எல்லாரையும் எழுப்பக் கிளம்பினாரு. தூங்கிட்டுப் போகட்டும்னு நான்தான் தடுத்துட்டேன். அதனால என்ன, சனிக்கிழமை எல்லார் வீட்டுப் புல்லையும் ட்ரெய்லர்ல ஏத்தி ஊர்க் குப்பைக் கிடங்குல கொட்டிட்டு வர்றதா சொல்லியிருக்காரு. இல்ல, க்ளென்?"

மீனாவது, கடலாவது!

"ஆமா," என்றேன். தெருவில் கைதட்டல். பெவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் மனசு யாருக்கு வரும்!" என்றாள்.

சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். "நீதான் மாத்தினியா?"

"வேற யாரு?"

"உனக்கு எப்படித் தெரிஞ்சது பச்சைன்னு?"

"அட்டவணை பார்ப்பேன்."

"அப்ப நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"நான் மஞ்சள்னு சொன்னா நீ பச்சைன்னு நிப்பே. நாலு வருஷத்துக்கு முன்னாடி வாராவாரம் இதே சண்டைதானே? அப்புறம்தான் லைப்ரரியில ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். மஞ்சள் வாரம் வாட்டில், பச்சை வாரம் பெரணி. ரெண்டு படம் போட்டேன், திங்கக்கிழமை தானா மாறுற மாதிரி. அதோட சண்டையும் ஓஞ்சது."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு வருடம். இருபது வீடு. என் உள்ளே தோன்றியது என்று நினைத்ததெல்லாம் இவள் அனுப்பியது!

"அதைத் திரும்பப் போட்டுடேன்," என்றேன், மெதுவாக.

"வேண்டாம் க்ளென். மெமரியைத் தின்னும்."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று முழுக்க யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. தெருவை நடத்துகிறவன் நான் என்றால், என்னை நடத்துகிறவள் என் பெண்டாட்டி. வேறு யார் வீட்டில் இருக்கிறது இந்த வசதி? சனிக்கிழமை ஏழு நடை ட்ரெய்லர் ஓட்டும்போதும் அதையே நினைத்துக்கொண்டேன். முதுகு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த செவ்வாய் சாயங்காலம் எனக்கு டீ மஞ்சள் கோப்பையில் வந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் புதிரைப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. குடித்து முடித்துப் போய் மஞ்சள் தொட்டியை வைத்தேன். தெருவும் வைத்தது. பந்தயம் பந்தயம்தான் என்பதால் டாரில் தொட்டியையும் நானே இழுத்து வைத்தேன்.

"இப்பவாவது அட்டவணை பார்த்தியா?" என்றான் டாரில்.

"எனக்கு எதுக்கு அட்டவணை? உள்ளேயிருந்து வரும்," என்றேன், தலையை நிமிர்த்தி.

வெள்ளிக்கிழமை டீ நீலக் கோப்பையில் வந்தது. நீலத்துக்கு எங்கள் ஊரில் தொட்டியே கிடையாது. ஆனாலும் நான் கேட்பேனா? எதற்கும் இருக்கட்டும் என்று காரைக் கழுவினேன். புல்லை மறுபடி வெட்டினேன். கூரைக் குழாயில் அடைத்திருந்த இலையை ஏணி போட்டு ஏறி எடுத்தேன். மாமியாருக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் நலம் விசாரித்தேன். எல்லாம் முடித்துக் களைத்துப்போய் வந்து, "சரியா?" என்று நெரிடாவிடம் கேட்டேன்.

மற்ற கோப்பைகளை அவள் இன்னும் கழுவவில்லையாம்.