மெஷினுக்கு ஒரு மேஜை

மேஜையை மீட்டே தீர்வது என்று மதலைமுத்து முடிவெடுத்தபோது, அதை இழந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வடக்கே தலைநகரில், சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸில் அவருக்கென்று இருந்த ஒரே ராஜ்யம் அது. இப்போது அதன்மேல் மனைவி பிலோமினாவின் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினும் அதற்கான கம்ப்யூட்டரும் குடியிருந்தன. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து எழுதுவது யாருடைய தவறு என்று யோசித்தார். தன்னுடையதாகவே இருக்கலாம் என்று தோன்றியது. அதனால் கோபம் கூடியது.

மெஷின் கர்ரென்று ஓடி நின்றது.

"இன்னைக்கும் போச்சு," என்றாள் பிலோமினா. ஒரு மாதமாக இதே பாட்டு. "ரூபிங்கிற பேரு நாலு துண்டா வருது. சர்ச்சுல புதுநன்மை வாங்குற பிள்ளையோட தண்ணி பாட்டில்ல இதையா ஒட்ட முடியும்?"

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் முப்பது வருஷமாக அமைச்சகத்தில், குறை கண்டுபிடிக்காமல் ஒரு ஃபைலையும் மேலே அனுப்பியறியாத கண். கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தது.

"எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்கி. எல்லாத்தையும் சேத்து ஒரே உருவமா ஆக்கணும். இல்லன்னா பிளேடு நடுவுல புகுந்து வெட்டத்தான் செய்யும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல கௌஷிக் போன்ல இந்த வீடியோவப் பாத்துக்கிட்டு இருந்தான்."

மூன்று வாரமாக மதியச் சாப்பாட்டை ஆறவிட்டு, கௌஷிக்கின் போனில் அதைப் பார்த்தது இவர்தான்.

"பாக்கிறது வேற, செய்யிறது வேற."

"செஞ்சு காட்டினா?"

"மெஷின எடுத்திருதேன். மேஜை உங்களுக்கு."

"இல்லன்னா?"

"ஆயுசுக்கும் கட்டில்தான்."

உட்கார்ந்தார். எழுத்துகளைத் திரையில் ஒரே உருவமாகச் சேர்த்தார். பெயரைச் சுற்றிய பூவளையம் ஒரே இடத்தில் இரண்டு முறை வரையப்பட்டிருந்தது, ஒன்றை நீக்கினார். மூன்று தடவை சரிபார்த்தார். கீழே கையெழுத்துப் போட இடம் தேடினார், இல்லை. பொத்தானை அழுத்தினார்.

ரூபி ஒரே துண்டாக, வளையம் குலையாமல் வந்தாள்.

"அச்சா. நல்லாத்தான் இருக்கு," என்றாள் பிலோமினா. "பின்னால பால்கனியில வச்சிருங்க."

மெஷினை அவரே தூக்கினார். இவ்வளவு சுலபமான வெற்றி தனக்கு எப்போது கிடைத்தது என்று ஒரு சின்ன சந்தேகம் வந்தது. பால்கனியில் மெஷின் அளவுக்கே ஒரு ஸ்டாண்டு. பக்கத்தில் புது சுவிட்ச் போர்டு.

"இது எப்போ?"

"போன வாரமே எலெக்ட்ரீஷியன் பையா வந்து போட்டுட்டுப் போனாரு."

திரும்பி வந்தார். மேஜை துடைக்கப்பட்டிருந்தது. நாற்காலியில் புது மெத்தை. கம்ப்யூட்டர் மட்டும் அங்கேயே இருந்தது.

"அதுல இன்னும் இருபத்திரண்டு பேரு இருக்கு. அதே மாதிரி சரிபண்ணிருங்க. ஜல்தி ஒண்ணும் இல்ல, சாயங்காலம் போதும்."

"மெஷின மாத்துறதா முன்னாலயே முடிவு பண்ணிட்டு, என்கிட்ட எதுக்குப் பந்தயம்?"

"மெஷினுக்கு இடம் கிடைச்சிட்டுங்க. மேஜைக்குத்தான் ஆள் கிடைக்கல."